இன்னொரு கைத் தீனி

செத்து மிதந்த மஞ்சள் மீனை வலைக்கரண்டியில் தூக்கிய தம்பி மனைவி, அதை ஈரத்துணியில் வைத்து மூடினாள். காலையிலிருந்து இது மூன்றாவது. கூடத்தின் நடுவில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மூத்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், கண்ணாடித் தொட்டியின் முன்னால் குனிந்திருந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் அம்மாவைப் பார்த்தார்கள், பிறகு தொட்டியைப் பார்த்தார்கள், கடைசியில் தம்பி மனைவியின் தோளைத் தொட்டு, மாமியார் மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று உருகினார்கள். மூத்தவளுக்கு ஒரு தலையசைப்பு கிடைத்தது. எதிர்வீட்டம்மா, தண்ணீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்த மீன்களைக் கண்டதும் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"பாசம்டி. வளத்தவ போனதும் அதுங்களும் பின்னாடியே கெளம்புது பாரு."

கேட்ட இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூத்தவளுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. துக்கத்தில்கூட இந்த மீன்கள் தன்னை முந்திக்கொண்டுவிட்டதாக அவளுக்குப் பட்டது.

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதன்பின் கூடத்தில் கடல்மீன் தொட்டி வைத்து, ரத்தத்துக்குப் பதில் அதன் தண்ணீரைச் சோதிக்க ஆரம்பித்தாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பாள். பக்கத்தில் நின்று பார்க்கத் தம்பி மனைவி வந்து சேர்ந்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வாள். சாயங்காலமானால் இரண்டு பேரும் தொட்டியின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே பெரிய உப்புக் கடலே இருப்பதுபோல அப்படியொரு பேச்சு. மூத்தவள் சமையலறையில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைப்பாள். காதை மட்டும் கூடத்தில் விட்டிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, அவளைத் தன்மேல் சாய்த்து முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தது மூத்தவள்தான். அம்மா அவள் தோளுக்கு மேலாகக் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"மீனுக்குப் போட்டாச்சா?"

கதவருகே நின்ற தம்பி மனைவி, போட்டாச்சு அத்தை, ரெண்டு வேளையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள். மூத்தவள் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் வருவது நின்ற பிறகும் பிழிந்தாள்.

அன்று மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், ஃப்ரீசரைத் திறந்து உறைந்த இறால் கட்டி ஒன்றை உடைத்துத் தொட்டியில் போட்டாள். ஏற்கெனவே போட்டாயிற்று என்று தெரியும். தெரிந்தேதான் போட்டாள். மீன்கள் எல்லாம் அவள் விரலை நோக்கிப் பாய்ந்து வந்தன. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லத் தெரியாத ஜென்மங்கள். அவ்வளவு ஆவலாக யாரும் அவளைத் தேடி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதன்பின் வீட்டுக்கு வந்த போதெல்லாம் போட்டாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக.

இப்போது மீன்கள் சாவதன் காரணத்தைத் தம்பி மனைவி முறையாகத்தான் தேடினாள். தொட்டியின் சூடு சரியாக இருந்தது, உப்பு சரியாக இருந்தது, காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது கூடத்தில் கொசு மருந்து, சென்ட் ஏதாவது அடித்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தாள். கரண்ட் போய் வந்ததா என்று கணவனைக் கேட்டாள். கண் வீங்கியிருந்த அவன், அம்மா கிடக்கும்போது உனக்கு மீனா முக்கியம் என்பதுபோல் பார்த்துவிட்டு, இல்லை என்றான். தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து தீர்ந்துபோயிருந்தது. அம்மா படுத்த களேபரத்தில் வாங்க யாருக்கும் தோன்றவில்லை. தீனியைப் பற்றி மட்டும் அவள் யாரையும் கேட்கவில்லை. அது தன் கையிலேயே இருந்த வேலை, அதில் அவளுக்கு என்ன சந்தேகம் வரும்?

கடைசியில், செதிலில் புள்ளி மாதிரி தெரிகிறது, வியாதிதான் என்று முடிவுகட்டி, அலமாரியிலிருந்து நீல நிற மருந்து பாட்டிலை எடுத்து வந்தாள்.

மூத்தவளுக்கு அந்த பாட்டிலைத் தெரியும். செம்பு கலந்த மருந்து. நோய் கண்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் அதைக் கொடுக்க வேண்டும், இந்தத் தொட்டியில் ஊற்றினால் பாறையில் பூவாய் விரிந்திருக்கும் கடல் சாமந்தியும் இறால்களும் மொத்தமாகப் போய்விடும் என்று அம்மா ஒருநாள் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவளுக்கு அழுகையில் அது மறந்துவிட்டது. அடுப்படியில் நின்று ஒட்டுக்கேட்டவளுக்கு மறக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தொட்டி அவள் கையாலேயே முடிந்துபோகும். வந்தவர்கள் அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

தம்பி மனைவி மூடியைத் திருகினாள். மூத்தவள் எழுந்து தொட்டியின் பக்கவாட்டுக்குப் போய்க் குனிந்தாள். மீன்களின் மேல் புள்ளி எதுவும் இல்லை. செவுள்கள்தான் புண்போலச் சிவந்திருந்தன. பாறைக்குப் பின்னால், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தின்னாமல் விட்ட தீனி பஞ்சுபோலப் பூசணம் பூத்துக் குவிந்து கிடந்தது. அவள் போட்டது.

"ஊத்தாத" என்றாள்.

"என்னக்கா?"

"வியாதி இல்ல. தீனி அழுகித் தண்ணி கெட்டுப்போச்சு. நானும் போட்டேன்."

தம்பி மனைவி பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நான் போட்டுட்டேன்னு உங்க முன்னாடிதானேக்கா அத்தகிட்ட சொன்னேன்?"

"சொன்ன."

"பின்ன ஏன்?"

எதிர்வீட்டம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடாமல் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தம்பி மனைவி மூடியைத் திரும்பத் திருகி பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"வாளி எடுத்துட்டு வாங்க."

பின்கட்டில் அம்மா கலக்கி மூடிவைத்திருந்த உப்புத் தண்ணீர் பீப்பாயில் பாதிக்கு மேல் இருந்தது. ஒருத்தி ரப்பர் குழாயால் அழுகலை உறிஞ்சி வெளியேற்ற, இன்னொருத்தி வாளி வாளியாகச் சுமந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டு ஈரத்துக்கு வழி விட்டார்கள். அதற்குள் இன்னொரு மீன் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. மிச்சமிருந்தது, ஆரஞ்சு உடம்பில் வெள்ளை வரி போட்ட ஒன்றுதான். புதுத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் அதுவும் தாங்காது. குவளையால் மொண்டு, கண்ணாடியோரமாக மெல்லத்தான் விட வேண்டும்.

வாசலில் வண்டி வந்து நின்றது. தம்பியும் இன்னும் சிலரும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வண்டிக்குள் தலைமாட்டில் ஒருவர்தான் உட்கார முடியும், அக்கா வா என்று தம்பி வெளியிலிருந்து கூப்பிட்டான்.

"நீங்க போங்கக்கா. உங்க எடம் அது. இத நான் பாத்துக்கறேன்" என்று தம்பி மனைவி குவளைக்குக் கை நீட்டினாள்.

'நான் பாத்துக்கறேன்.' மூத்தவள் குவளையை விடவில்லை.

"நீ போ."

"அக்கா, உங்க அம்மாக்கா."

"போன்னு சொல்றேன்ல. நான் இருக்கேன் இங்க."

தம்பி மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தம்பி மறுபடியும் கூப்பிட்டான். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நடந்தாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"இன்னிக்கு அதுக்கு ஒண்ணும் போடாதீங்க."

நாற்காலிகள் காலியாயின. ஜன்னல் வழியாக மூத்தவள் பார்த்தாள். தம்பி மனைவி வண்டியில் ஏறி, தலைமாட்டில் உட்கார்ந்து, அம்மாவின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கதவு சாத்தப்பட்டது.

வரி மீன் கண்ணாடியோரம் வந்து, தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே வாயைத் திறந்து திறந்து மூடியது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. மூத்தவள் வாளியில் குவளையை முக்கி மொண்டாள். பிறகு தண்ணீர் நூலாக இறங்கும்படி குவளையைச் சாய்த்தாள்.