கவர் கம்பெனிக்கு ஒருவர் வந்தார்

1.

என் தம்பி உலகநாதன் என்னிடம் கடைசியாகப் பேசியது ஒரு கவரைப் பற்றி. தபால் கவர் அல்ல. மளிகைக் கடையில் பருப்பு போட்டுத் தருவார்களே, பழைய செய்தித்தாளில் ஒட்டிய கவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, நகத்தில் காய்ந்திருந்த மைதாப் பசையைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்:

"அக்கா, இன்னிக்குப் புதுசா ஒருத்தர் வந்தாரு. அடிமடிப்பே வரல அவருக்கு. பாவம். நாளைக்கு வரச் சொல்லிக்கீறேன்."

"சரி, தட்டைக் கழுவி வச்சிட்டுப் படு" என்றேன்.

அவ்வளவுதான். விடிந்தபோது அவன் இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். (எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் சிலர் குரலைத் தாழ்த்தி வேறு மாதிரி கேட்டார்கள். மனம் சரியில்லாமல் இருந்தவன் செத்தால் அப்படித்தான் கேட்பார்கள் போல. இல்லை. இதயம்தான். இதை இந்தக் கதையில் ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டேன்.)

அந்தப் புதியவரும் என் தம்பியும் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்? இந்தக் கதை இந்த ஒரு கேள்வியிலிருந்து வருகிறது. துக்கம் கனமாக இருந்த வருடங்களில் ஒரு வரியும் ஓடவில்லை. இப்போது ஆவல் அதை முந்திக்கொண்டுவிட்டது. எழுதிப் பார்க்கிறேன்.

2.

இதற்கு முன் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு நெல் கொட்டகை —" [யாருக்கு வேண்டும்? நெல்லே போய் எத்தனையோ வருடம்.]

"மனம் என்பது —" [மனம் என்பது என்னவென்று தெரிந்திருந்தால் நான் ஏன் கதை எழுதுகிறேன்?]

"பஞ்சவர்ணத்தம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு —" [அவருக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. எழுத உட்கார்ந்தால் கை தானாகவே யார் வாயிலாவது வெற்றிலையைத் திணித்துவிடுகிறது.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். பஞ்சவர்ணத்தம்மாள் அந்த ஊர்க்காரர். அவருடைய கணவர் துலுக்கானம் மனநோய்க்காக ஆஸ்பத்திரியில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது தெருவில் யாரும் அவரோடு பேசவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால்தானே வேடிக்கை பார்ப்பார்கள் என்று, வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அவரை உட்காரவைத்துக் கவர் ஒட்டக் கொடுத்தார். பிறகு இன்னொரு வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். பிறகு பட்டாபிராமிலிருந்து, திருவேற்காட்டிலிருந்து. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து என் தம்பியை நான் கூட்டிப்போனேன். ஆரணிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன், எங்கள் வீட்டின் பின்னறைக்குள் ஒரு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

ஊரில் அந்த இடத்துக்குப் பெயர் "கவர் கம்பெனி". போர்டு கிடையாது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு நோய், யார் கூட வந்தவர் என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது; எல்லோர் கையிலும் பசை. புதிதாக யார் வந்தாலும் பெயர், ஊர், வியாதி எதுவும் கேட்பதில்லை என்று ஒரு வழக்கம். முதல் கேள்வி "கை கழுவினீங்களா?" என்பதுதான். கழுவியதும் முன்னால் ஒரு கட்டுக் காகிதம். பேச வேண்டியவர்கள் பேசும்போது பேசுவார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.

உலகநாதன் தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு "வேலைக்குப் போய்ட்டு வரேங்க்கா" என்று கிளம்புவான். எதிர்வீட்டுக்காரர்களிடமும் அதையே சொல்ல முடிந்தது.

3.

இனி நிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதைகளில் நிதி வந்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அந்தப் புதியவர் வந்திருக்கமாட்டார்.

பஞ்சவர்ணத்தம்மாளின் மகன் தங்கவேல், கொட்டகையை லேத் பட்டறைக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று நின்றான். "எம்மா, பட்டறைக்காரன் அட்வான்ஸைக் கையில வச்சிகினு நிக்கிறான். தையோட காலி பண்ணிக்குடு. நீ கவர் ஒட்டி எனக்கு இன்னா கோட்டையா கட்டப்போற?" அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் இரண்டு பெண் குழந்தைகள். கொட்டகை போனால் எங்களுக்கு வேறு இடமில்லை. உலகநாதன் மறுபடி பின்னறைக்குத்தான் போவான். நான் பயந்தது அதற்குத்தான்.

அப்போதுதான் குணசேகரன் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். பட்டாபிராம்காரர், ஓய்வுபெற்ற தலைமை குமாஸ்தா, அவருடைய மகள் எங்களோடு கவர் ஒட்டிக்கொண்டிருந்தாள். மனநலத்துக்காக அந்தந்தப் பகுதியிலேயே வேலை செய்யும் சிறிய அமைப்புகளை வலுப்படுத்த, பெங்களூரில் ஓர் அறக்கட்டளை நிதி தருகிறதாம்.

"வலுப்படுத்தறதுன்னா இன்னா அண்ணாத்தே?" என்றார் பஞ்சவர்ணத்தம்மாள்.

"அமைப்பைப் பலமாக்குறதும்மா. பயிற்சி, நிர்வாகம், டைப்ரைட்டர், பீரோ..."

"பீரோவா? மேல ஓடு ஒழுவுது. பீரோல இன்னாத்த வைக்கப்போறீங்க, மழைத் தண்ணியையா?"

"வாடகைகூட நிர்வாகத்துல வரும்மா. ஆனா வாசல்ல போர்டு வைக்கணுமாம். 'மனநல மையம்'னு. அவங்க பேரும் இருக்கணும்."

ஒட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன.

"போர்டு வச்சா எவன் வருவான்? உங்க பொண்ணே வராது."

குணசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மகள் தையல் கிளாஸ் போகிறாள் என்றுதான் தன் தெருவில் சொல்லியிருந்தார்.

(இதற்குப் பிறகும் விண்ணப்பித்தோம். நான் தமிழில் எழுத, அவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தார். யோசித்துப் பார்த்தால் நான் முதன்முதலில் எழுதிய புனைவு அதுதான். "நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடி விவாதிக்கிறது" என்று எழுதினேன். கூடினோம், உண்மைதான், பசை கெட்டியா தண்ணியா என்று விவாதித்தோம். பயனாளிகள் எத்தனை பேர் என்ற இடத்தில் திகைத்து நின்றுவிட்டோம். என்னைச் சேர்ப்பதா? கவர் ஒட்ட ஆரம்பித்த பிறகு எனக்குத் தலைவலி வருவதில்லையே. போர்டைப் பற்றி வைப்போம் என்றும் எழுதவில்லை, வைக்கமாட்டோம் என்றும் எழுதவில்லை.)

4.

தொண்ணூற்றொன்றாம் வருடம், புரட்டாசி. அறக்கட்டளையிலிருந்து ஒருவர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பெயர் வேலுசாமி.

"நாளைக்கு யாரும் வராதீங்க" என்றார் பஞ்சவர்ணத்தம்மாள். "வந்து நின்னு வேடிக்கை பாக்க இது இன்னா பொருட்காட்சியா? வெறும் கொட்டகையப் பாத்துட்டுப் போவட்டும்."

எல்லோருக்கும் லீவு. பஞ்சவர்ணத்தம்மாள், குணசேகரன், நான் மூவரும் ஒரு ரோஜா மாலையோடு ஆவடி ஸ்டேஷனில் நின்றோம். சென்ட்ரலிலிருந்து வந்த ஒவ்வொரு வண்டியிலும் தேடினோம்.

"தோ, அவருதான். கோட்டு போட்டுகினு எப்டி வராரு பாரு."

குணசேகரன் மாலையைப் பிரித்துக்கொண்டு முன்னால் போனார். கோட்டுக்காரர் டிக்கெட் பரிசோதகர். மாலையைத் தள்ளிவிட்டு டிக்கெட்டைக் கேட்டார். எங்களிடம் பிளாட்பாரம் டிக்கெட்கூட இல்லை.

வேலுசாமி ரயிலில் வரவேயில்லை. பூந்தமல்லி வழியாகப் பஸ்ஸில் வந்து, விசாரித்து, நேராகக் கம்பெனிக்கே போயிருக்கிறார். இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

நாங்கள் வாடிய மாலையோடு திரும்பியபோது கொட்டகையில் உலகநாதன் தனியாக உட்கார்ந்திருந்தான். லீவு என்று சொல்லியிருந்தேன். ஆனால் வேலைக்குப் போகிறவன் காரணமில்லாமல் லீவு எடுப்பானா?

"விருந்தாளி யாராவது வந்தாங்களாடா?"

"இல்லியேக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. விருந்தாளி வரவில்லை. புதிதாக ஒருவர் வந்தார். வழக்கப்படி அவன் எதுவும் கேட்கவில்லை. உட்காரவைத்துக் கவர் மடிக்கச் சொல்லிக்கொடுத்தான். அவ்வளவுதான் அவனைப் பொறுத்தவரை. அன்று சாயங்காலம் அவன் அதைச் சொன்னபோது, கொட்டகை கைவிட்டுப் போயிற்று என்ற யோசனையில் இருந்த எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

5.

நான் பார்க்காத காட்சி இது. ஆகவே வரைவுகள்தான்.

"கை கழுவினீங்களா?"

"இல்லீங்க, நான் பெங்களூர்ல இருந்து..."

"எங்கருந்து வந்தாலும் தொட்டி அங்கதான் கீது சார்."

[இதுவரை நிச்சயம். ஆவடிக்கு வந்த பிறகு அவன் பேச்சில் "கீது" ஒட்டிக்கொண்டது.]

"மொதல்ல பாதியா மடிங்க. அவசரமேயில்ல. நான் புதுசுல மடிச்சதுலாம் பருப்பு ஒழுகிப்போய்க் கடைக்காரன் திட்டினான்."

"நான் இங்க சேர வரலீங்க. பாக்கத்தான் வந்தேன்."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்டித்தான் சார் சொல்வாங்க."

[இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். சிரித்ததால் சந்தேகமும் வந்தது. உலகநாதன் யாரையும் மடக்கிப் பேசியவனல்ல. ஆனாலும் அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை.]

அடுத்த வரைவில் வேலுசாமிக்கு ஒரு தம்பியைக் கொடுத்தேன். ஊரில், பூட்டிய அறையில், சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்ளும் தம்பி. அதனால்தான் அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார் என்று காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் அந்தத் தம்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு மனிதர் ஓர் இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்தார் என்றால் அவர் வீட்டில் நோயாளி இருந்தே தீர வேண்டுமா? பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலியாக இருக்கலாம். அல்லது எத்தனையோ வருடம் கழித்து ஒருவர் தன்னிடம் எந்தக் காகிதத்தையும் நீட்டாமல், மடிக்கக் கற்றுக்கொடுத்தது பிடித்துப்போயிருக்கலாம்.

மூன்றாவதில் இருவரும் பேசவேயில்லை. காகிதத்தின் சத்தம், தூரத்தில் ராணுவக் கிடங்கு ரயில்பாதையில் கூட்ஸ் பெட்டிகளைக் கோக்கும் சத்தம். எனக்கு மிகப் பிடித்த வரைவு. ஆனால் என் தம்பி அவ்வளவு நேரம் பேசாமல் இருந்திருக்கவே —

ஒன்று மட்டும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வேலுசாமி தான் யாரென்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னாரா, உலகநாதன் நம்பவில்லையா? அல்லது அவரே சொல்ல வேண்டாமென்று விட்டுவிட்டாரா?

6.

கார்த்திகையில் ஒரு மழை நாள். உலகநாதனின் இடத்தில் நான் உட்கார ஆரம்பித்திருந்தேன். மேலே ஓடு ஒழுகிய இடத்தில் ஒரு குண்டானை வைத்திருந்தோம். வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் நின்றார். நெற்றி ஏறிய, கண்ணாடி போட்ட மனிதர். கையில் தோல்பை.

"வா நைனா, கை கழுவினியா?" என்றார் பஞ்சவர்ணத்தம்மாள்.

"இதோ கழுவறேனுங்க."

தொட்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை. கொட்டகையைச் சுற்றிக்கொண்டு நேராக அதனிடம் போனார். திரும்பி வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்துப் பாதியாக மடித்தார். பக்கம் ஒட்டினார். அடிமடிப்பு வரவில்லை.

ஒட்டிக்கொண்டிருந்த கவரைக் கீழே வைத்தேன்.

"உலகநாதன் இன்னைக்கு வரலீங்களா?" என்றார்.

நான்தான் சொன்னேன். அவனுடைய அக்கா என்பதையும், அவன் போனது எந்த நாள் என்பதையும். அவர் மடிப்பைப் பிரித்தார், மறுபடி மடித்தார், பிரித்தார்.

"மறுநாளே வரச் சொன்னாருங்க" என்றார். "லேட்டாயிடுச்சு."

பிறகுதான் அவர் யாரென்று எங்களுக்குச் சொன்னார். நிதி ஒப்புதலாகிவிட்டது. வாடகைக்கும் கூரைக்கும் சேர்த்து, மூன்று வருடத்துக்கு. குணசேகரன் பதறி எழுந்து நாற்காலியைக் கொண்டுவந்தார். வேலுசாமி அதில் உட்காரவில்லை. தோல்பையை அதன்மேல் வைத்தார்.

"போர்டு?" என்றார் பஞ்சவர்ணத்தம்மாள்.

"இந்த இடத்துக்குப் போர்டு தேவையில்லைனு எழுதிட்டேனுங்க."

"சாமி மாதிரி நைனா நீ. ஆனா இன்னா மடிப்பு இது? பருப்பு போட்டா தெருவெல்லாம் கொட்டும்."

போர்டு வேண்டாம் என்பதை நாங்கள் அவருக்கு எழுதவில்லை. நேரில் சொல்லவும் அன்று கொட்டகையில் உலகநாதனைத் தவிர வேறு யாருமில்லை.

அவர் கிளம்பும்போது குடையோடு நானும் பஸ் நிற்கும் இடம் வரை நடந்தேன். கேட்பதற்குத்தான்.

7.

முடிவுகள்.

நான் கேட்டேன், அவர் சொன்னார், பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டால் பூச்சி அரிக்காது என்பதைத்தான் உலகநாதன் அவ்வளவு நேரமும் விளக்கியிருக்கிறான். [நம்பலாம்.]

நான் கேட்டேன், "உங்களைப் பத்தித்தாங்க பேசினார்" என்று ஆரம்பித்து ஒன்று சொன்னார். [எனக்கு மிகவும் வேண்டிய முடிவு. அதனாலேயே இதை எழுதும் கையை நான் நம்பவில்லை. அந்த ஒன்று என்ன என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.]

நான் கேட்கவில்லை. பஸ் வரும் வரை, நனையாத ஒரு தாளை அவர் தோல்பைமேல் வைத்து அடிமடிப்பைக் காட்டினேன். வந்துவிட்டது.

இவற்றில் ஒன்றுதான் நடந்தது. எது என்று சொல்லிவிட்டால் மற்ற இரண்டிலும் என் தம்பி இல்லாமல் போவான். அதற்கு எனக்குச் சம்மதமில்லை. உங்களிடம் விட்டுவிடுகிறேன். கை கழுவிவிட்டு, ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாரென்று கேட்கமாட்டேன்.

அந்த நிதி மூன்று வருடத்தோடு முடிந்தது. வேறொன்று கிடைத்தது, அதுவும் முடிந்தது. வாடகையைத் தங்கவேல் இன்னும் ஏற்றவில்லை. ஓடு போய் ஷீட் வந்தது. துலுக்கானம் போய்விட்டார். கடைகளெல்லாம் பிளாஸ்டிக் பைக்கு மாறியதில் கவர் வாங்க ஆளில்லை. கொட்டகையில் இப்போது வயர் கூடை பின்னுகிறார்கள்.

ஆனால் பூந்தமல்லி பஸ் எங்கள் முனையில் திரும்பும்போது கண்டக்டர் இன்றைக்கும் விசிலடித்துவிட்டுக் கத்துகிறார்:

"கவர் கம்பெனிலாம் எறங்கு!"