நத்தையின் கேமரா கார்டு

அந்த வீட்டில் இரண்டு பட்டப்பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. அண்ணிக்கு ‘பத்து நிமிஷம்’, கொழுந்தனுக்கு ‘நத்தை’. ஒருவருக்கு மற்றவர் வைத்தது. எந்த வேலையைச் சொன்னாலும் “பத்து நிமிஷம்” என்பாள் அவள். பாதி நாள் சொன்னபடி முடித்தும் விடுவாள், வம்பே அதுதான். கொழுந்தன் எலெக்ட்ரீஷியன். எந்த போர்டையும் கழற்றும் முன், கழுத்தில் தொங்கும் பழைய கனத்த கேமராவால் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவான். “கல்யாணப் பொண்ணா அது, இத்தனை போட்டோ?” என்று அவள் கேட்பது வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

இருவருக்கும் வேலை ஒரே இரத்தப் பரிசோதனைக்கூடத்தில். அவன் வயர்களுக்கு, அவள் நெட்வொர்க்குக்கு. கூடத்தில் வரும் ரிசல்ட்டெல்லாம் ஊரின் மறுகோடியில் இருந்த மருத்துவமனைக்கு ஒரே ஒரு ரவுட்டர் வழியாகப் போகும். அங்கே இருதய வார்டில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த வேளை மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்கள். ரவுட்டருக்குப் பதினான்கு வயது. நாளை முதல் பழைய சாஃப்ட்வேர் உள்ள ரவுட்டர்களை இணைக்க மாட்டோம் என்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருந்தது.

புது சாஃப்ட்வேர் பெரியது. ரவுட்டரின் முதுகில் செருகியிருந்த ஃபிளாஷ் கார்டு சின்னது. பழையதும் புதியதும் ஒன்றாக அதில் அடங்காது. விஷயம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் வேறொரு கார்டைத் தேடி, அதில் புதியதை ஏற்றி, சரிபார்த்த பிறகே பழையதைத் தொடுவார்கள். இது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் மதியம் இரண்டு மணிக்குப் பழையதை அழித்தாள். பத்து நிமிஷ வேலைதானே.

புதியது பாதிக்கு மேல் ஏறி நின்றது. பிழை. மறுபடி ஏற்றினாள். அதே இடத்தில் அதே பிழை. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனபோதுதான் கார்டே பழுது என்று புரிந்தது. இத்தனை வருஷம் யாரும் எழுதிப் பார்க்காததால் அது வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

ரவுட்டர் என்னவோ ஒன்றுமே நடக்காதது மாதிரி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆன் செய்து எழுந்தபோதே தனக்கு வேண்டியதையெல்லாம் அது தன் உள்நினைவில் ஏற்றிக்கொண்டுவிட்டது, அதை வைத்து ஓடுகிறது. கரண்ட் இருக்கும்வரை ஓடும். ஒரு நொடி போனால் போதும், மறுபடி எழுந்திருக்க அதனிடம் எதுவும் இல்லை. வேறு ரவுட்டர் வாங்கி வரப் பத்து நாள் ஆகும்.

திரும்பினாள். கதவில் கொழுந்தனின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘இன்று நான்கு மணிக்கு மின்சாரம் நிறுத்தப்படும். மெயின் போர்டு மாற்றம்.’ படியிறங்கி ஓடினாள்.

நத்தை கீழ்த்தளத்தில் மெயின் போர்டின் முன் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை என்பதைப் பார்த்ததுமே கேமராவை இறக்கினான்.

“என்ன அண்ணி?”

“தம்பி, கரண்டை நாளைக்கு நிறுத்த முடியுமா?”

“நம்ம கையில இல்லையே. வெளியில லைனையே நிறுத்தறாங்க. ஏன், ஜெனரேட்டர் இருக்கே?”

“அது எடுக்க அரை நிமிஷம் ஆகும்ல. அந்த அரை நிமிஷம்தான் பிரச்சினை.”

“உங்க ரூம்ல யுபிஎஸ் இருக்குமே?”

“பேட்டரி செத்து ரெண்டு வருஷமாச்சு. அது மேல உக்காந்துதான் காபி குடிக்கிறேன்.” அதற்கு மேல் மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. “தப்புப் பண்ணிட்டேன் தம்பி. புதுசு ஏறுதான்னு பாக்காம பழசை அழிச்சிட்டேன். இப்ப ரெண்டும் இல்ல. அந்த மாதிரி கார்டு இப்ப கடையிலயும் கிடைக்காது. பெரிசா, தடிமனா, தீப்பெட்டி அகலத்துக்கு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் அவன் கழுத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவன் கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து காட்டினான். அதே கார்டு. புது சாஃப்ட்வேர் தாராளமாக அடங்கும் அளவு.

“எடுத்துக்கோங்க. ஆனா உள்ள இருக்கிற படத்தைப் பத்திரமாப் பாத்துக்கோங்க அண்ணி. இந்த போர்டோட படம் இல்லாம புதுசுல வயரை மாட்ட முடியாது.”

ஒரு கேலி இல்லை, ஒரு ‘நான் அப்பவே சொன்னேன்’ இல்லை. அவன் ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மாடிக்கு வந்து படங்களையெல்லாம் லேப்டாப்பில் இறக்கினாள். கார்டில் தொண்ணூற்று நான்கு, லேப்டாப்பிலும் தொண்ணூற்று நான்கு. வேறொரு நாளாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். இன்று தன்னையே நம்பப் பயமாக இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஃப்யூஸ், மீட்டர், வயர், மறுபடி வயர். அறுபத்தொன்றாவது படத்தில் கை நின்றது.

அவளுடைய ரேக், ரவுட்டரும் கேபிள்களும் மாட்டிய இரும்புச் சட்டம். போன வருஷத் தேதி. அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக அவள் லீவில் இருந்தபோது இந்த அறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். முதல் படத்தில் எல்லாக் கேபிள்களும் இடத்தில் இருந்தன. அடுத்ததில் அத்தனையும் தரையில் குவிந்து கிடந்தன, யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். அதற்கடுத்த பதினொரு படங்களில் கேபிள்கள் ஒவ்வொரு வரிசையாக இடத்துக்குத் திரும்பியிருந்தன. லீவு முடிந்து வந்த அன்று, “நான் கட்டின ரேக், பெயின்டர் வந்தாலும் அசையாது” என்று சாப்பாட்டு மேசையில் வாய் கிழியப் பேசியது அவள்தான். நத்தை எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கும் அவனைக் கிண்டல் செய்தாள். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

மீதிப் படங்களையும் பார்த்து முடித்த பிறகே கார்டை ரவுட்டரில் செருகினாள். ரவுட்டருக்கு ஏற்றபடி ஃபார்மேட் செய்து, சாஃப்ட்வேரை ஏற்றி, முழுசாக வந்திருக்கிறதா என்று இருமுறை சரிபார்த்தாள். மணி மூன்று ஐம்பது.

நான்கு மணிக்கு அறை இருண்டது. பச்சை விளக்குகள் அணைந்தன. கீழே ஜெனரேட்டர் உறுமியது, விளக்குகள் வந்தன. ரவுட்டர் ஒற்றை விளக்கோடு யோசித்துக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம். இரண்டு. அவள் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தாள். மூன்றாவது நிமிஷம் முடிவதற்குள் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. இருதய வார்டுக்குப் போன் செய்தாள்.

“இப்ப ஒரு ரிசல்ட் வந்துச்சுங்களே, ஏன்?” என்றாள் நர்ஸ்.

“ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்” என்று போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேமராவில் கார்டு இல்லாததால் படம் காட்ட அவள்தான் போக வேண்டியிருந்தது. கீழே புது போர்டின் முன் நத்தை உட்கார்ந்திருக்க, அவள் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு அவன் கேட்ட படத்தையெல்லாம் காட்டினாள்.

“தம்பி, பெயின்ட் அடிச்சப்ப என் ரேக்கை நீதான் மாட்டினியா?”

“அதுவா? லேபிள் எல்லாம் நீங்க ஒட்டினதுதானே அண்ணி. அந்த ரெண்டாவது படத்தைக் கொஞ்சம் பெரிசாக்குங்க.”

“ஏன்டா சொல்லல?”

“நீங்க சந்தோஷமாப் பேசிட்டு இருந்தீங்க. சிவப்பு வயர் இடதுல இருக்கா, வலதுல இருக்கா?”

“இடதுல” என்றாள்.

அவளுடைய போன் அடித்தது. கணவன். கை ஒழியாததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“எப்ப வர்ற? இன்னும் பத்து நிமிஷமா?”

“இல்லங்க. எப்படியும் ரெண்டரை மணி நேரம் ஆகும். நீங்க சாப்பிட்டுடுங்க.”

“ஹலோ, யாருங்க பேசறது?” என்று கேட்டான் கணவன்.

நத்தை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்து எங்கோ உருண்டது. இருவரும் தரையில் தவழ்ந்து அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது.