பக்கம் இல்லாத ஐம்பத்தேழு நாட்கள்

தம்பி வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு அவள் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே காலையில் காணாமல் போயின.

அவள் அப்போது அலுவலகத்தில் இருந்தாள். எந்தக் கிடங்கில் எத்தனை பெட்டி இருக்கிறது, எது எந்த லாரியில் போயிற்று என்று கணக்கு வைக்கும் மென்பொருள் எழுதுவது அவள் வேலை. டீ இடைவேளையில் வழக்கம்போலத் தன் வலைப்பூவைத் திறந்தாள். வெள்ளைத் திரையில் ஒற்றை வரி: 'நீங்கள் தேடும் பக்கம் இல்லை.'

தம்பிக்கு வயது இருபத்தாறு. ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்தவன் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவன் பென்சில்தான். மனம் சரியாக இருக்கும் மாதங்களில் அவனைப் போலத் தங்கமான பிள்ளை கிடையாது. சரியில்லாத மாதங்களில் மூன்று நாள் தூங்க மாட்டான், சுவரோடு பேசுவான், மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று சொல்லி ஜன்னல் வழியாக எறிவான். அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டில்தான் இருந்தான். அப்படி ஒரு மோசமான வாரத்தின் கடைசியில், அடுப்பை எரியவிட்டுவிட்டு வெளியே போய்விட்டான் என்று அவள் கத்தினாள். "உன்னோட மாரடிக்க என்னால முடியலடா!" மறுநாள் காலையில் செருப்பு இல்லை, ஆளும் இல்லை. போன் மட்டும் மேஜைமேல் இருந்தது.

"வயசு வந்த ஆளு, தானா போயிருக்காரு, தானா வருவாரு" என்று போலீஸ் நிலையத்தில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

ஆனால் அவளுக்குத் தம்பியைத் தெரியும். சோறு இல்லாமல் இருப்பான், கம்ப்யூட்டரைக் கண்டால் உட்காராமல் போக மாட்டான். அதனால் இலவசமாகக் கிடைக்கும் ஒரு தளத்தில் வலைப்பூ தொடங்கி, 'பென்சிலுக்கு' என்ற தலைப்பில் தினமும் மாலை பத்து வரி எழுதினாள். மேலே அவன் படம். அந்தப் படத்தையும் வலைப்பூ முகவரியையும் நோட்டீஸாக அடித்து, அவளும் கணவரும் பஸ் நிலையம் பஸ் நிலையமாக ஒட்டினார்கள். முதல் கட்டு நோட்டீஸில் போன் நம்பரும் இருந்தது. வேலை வெட்டி இல்லாதவர்கள் எல்லாம் கூப்பிட்டு, "அக்கா, நான்தான் உன் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார்கள். பத்து நாள் பொறுத்தாள். பிறகு ஒட்டியிருந்ததையெல்லாம் தேடிப் போய்க் கிழித்தாள். அடுத்த கட்டில் நம்பர் வேண்டாம் என்றாள்.

"இருக்கட்டுமே. நூறு பேரு விளையாடினாலும் ஒருத்தன் உண்மையச் சொல்லுவான்" என்றார் கணவர். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தே பேசுவார்.

"உங்களுக்கென்ன, போனை எடுக்கிறது நான். செய்தி அனுப்ப வலைப்பூவுல பெட்டி இருக்கு, அது போதும்."

அந்தப் பெட்டியும் இப்போது இல்லை. ஒரே தலைப்பு, ஒரே படம், தினமும் தினமும் வருவதைப் பார்த்த ஏதோ ஒரு இயந்திரம், இது விளம்பரக் குப்பை என்று முடிவு கட்டிவிட்டது. அவள் முறையீடு அனுப்பினாள். 'எங்கள் விதிகளுக்குப் புறம்பானது' என்று பதில் வந்தது. ஏழு முறை அனுப்பினாள். ஏழு முறையும் எழுத்து மாறாமல் அதே பதில். நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். எல்லாவற்றையும் அந்தத் தளத்தின் கட்டத்துக்குள்ளேயே நேராகத் தட்டியிருந்தாள். ஊருக்கெல்லாம் பேக்கப் எடுத்துக் கொடுக்கிறவள் தன்னுடையதற்கு எடுக்கவில்லை.

"வேற தளத்துல ஒண்ணு ஆரம்பி. பத்து நிமிஷ வேலைன்னு நீயே சொல்லுவியே" என்றார் கணவர்.

"மறுபடியும் வாடகை வீடா? வீட்டுக்காரன் நெனச்சப்போ சாமானைத் தூக்கி வெளிய போடுவான், நான் தெருவுல நிக்கணுமா? எவன் தயவும் வேண்டாம். நானே கட்டுறேன். எனக்குத் தெரிஞ்ச தொழில்தானே!"

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொந்தமாக ஒரு முகவரி வாங்கினாள், சர்வரில் ஓர் இடம் பிடித்தாள், அலுவலகத்தில் இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். சாப்பாட்டு மேஜையே பட்டறை ஆயிற்று. முதல் வாரத்தில் கடிதம் எழுதவும் படிக்கவும் ஒரு பக்கம் ஓடத் தொடங்கிவிட்டது. அன்றைக்கே அதைத் திறந்துவிட்டிருக்கலாம்.

திறக்கவில்லை. பொய்ச் செய்தி அனுப்புகிறவர்களை வடிகட்ட வேண்டாமா? வடிகட்டியை எழுதினாள். பழைய போனில் படம் இறங்க நேரமானால்? படத்தைச் சுருக்க ஒன்று எழுதினாள். ஒவ்வொரு மணிக்கும் பேக்கப், அந்தப் பேக்கப்புக்கு ஒரு பேக்கப். யாராவது அவனைப் பார்த்தால் இடத்தைக் குறிக்க ஒரு வரைபடம். வரைபடம் வந்ததும் பழைய பகுதி இடித்தது. அதைப் பிரித்து மறுபடி கோத்தாள். விடுப்பு முடிந்தது, வேலை முடியவில்லை. அலுவலகம் போவதற்கு முன்பு இரண்டு மணி நேரம், ஞாயிறு முழுக்க. கடிதம் மட்டும் ஒரு நாளும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் நெஞ்சை அடைத்தது. மென்பொருள் எழுத உட்கார்ந்தால் அடைக்கவில்லை. பிழை வந்தால் எந்த வரியில் என்று அதுவே சொன்னது, திருத்தினால் சரியாயிற்று. தம்பி விஷயத்தில் அப்படி எதுவும் நடந்ததில்லை.

பக்கம் காணாமல் போன நாற்பதாவது நாளோ என்னவோ, ஒரு ஞாயிறு காலை, கணவர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் ஒரு பட்டனை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"இது எதுக்கு?"

"கண்ணுல படணும்ல."

"எவன் கண்ணுல? இன்னும் கதவே திறக்கலயே." அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதே இல்லை. "தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டுறதே தப்பு. நீ கிணத்துப் படிக்கட்டுக்குப் பூ வேலை செஞ்சிக்கிட்டிருக்க! உன் தம்பி காணாமப் போயிருக்காம்மா."

"என் தம்பின்னு எனக்கு நீங்க சொல்லித் தரணுமா? உங்களுக்கு அவன் போனதே நிம்மதி."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, விடுமுறை நாளில், பூட்டியிருக்கும் கடைக்குக் கிளம்பிப் போனார். அவள் பட்டனைப் பச்சையாக்கிச் சேமித்தாள்.

ஐம்பத்தேழாவது நாள் அச்சகக்காரர் கூப்பிட்டார்.

"நீங்க அடிச்ச நோட்டீஸ் விஷயமா ஒரு அம்மா எனக்குப் போன் பண்ணினாங்க. கீழ பொடி எழுத்துல அச்சகத்து நம்பர் இருக்குமில்ல, அதைப் பார்த்துட்டுக் கூப்பிட்டிருக்காங்க. பையன் அவங்ககிட்ட வேலை பார்த்தானாம். முகவரி சொல்றேன், எழுதிக்குங்க."

பஸ்ஸில் நான்கு மணி நேரம். கணவரும் கூட வந்தார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் அவள் அழத் தொடங்கியபோது அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

அது சலவைக் கடை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளைப் பெரிய பெரிய இயந்திரங்களில் துவைத்து, மடித்து, அடுக்கிக் கொடுக்கும் இடம். நீராவியில் எல்லோர் முகமும் நனைந்திருந்தது. கடைக்கார அம்மா அவர்களை உட்கார வைத்து, நனைந்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மூணு மாசமா இருந்தாம்மா. விரிப்பு மடிக்கிறதுல அவனை அடிச்சிக்க ஆளில்ல. வாயத் திறக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை மட்டும், 'அம்மா, கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷம் பார்த்துக்கட்டுமா'ன்னு கேப்பான். பார்த்துட்டு, என்னத்தப் பார்ப்பானோ, சிரிச்சிக்கிட்டே எந்திரிப்பான். அன்னிக்கு மட்டும் ரெண்டு தட்டு சாப்பிடுவான்."

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"அப்புறம் ஒரு ஞாயிறு, உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. என்னப்பான்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னான். அடுத்த வாரமும் பார்த்தான், அதுக்கடுத்த வாரமும் பார்த்தான். ஒரு ஆறேழு வாரம் பார்த்திருப்பான். சாப்பாடு கொறஞ்சு போச்சு. போன வாரம் ஞாயிறு பார்த்துட்டு, எந்திரிச்சு, வாசலைத் தாண்டிப் போனவன்தான். நாலு நாள் கழிச்சு பஸ் ஸ்டாண்டுல உங்க நோட்டீஸைப் பார்த்தேன். போட்டிருந்த முகவரியில போய்ப் பார்த்தா பக்கமே இல்லைங்குது. மேல படத்தைப் போட்டுட்டு, கீழ ஒரு நம்பர் போட மாட்டீங்களா? யாருக்குன்னு சொல்றது?"

கணவர் குனிந்து தரையைப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்தக் கம்ப்யூட்டரை நான் கொஞ்சம் பயன்படுத்திக்கலாமா?" என்று கேட்டாள்.

தம்பி உட்கார்ந்த அதே பிளாஸ்டிக் நாற்காலி. கிடைத்த முதல் இலவசத் தளத்தில் கணக்குத் தொடங்கினாள். படம், போன் நம்பர், 'பென்சில், அக்கா இங்கேதான் இருக்கேன்' என்று ஒரு வரி. சொந்தமாக வாங்கி வைத்திருந்த முகவரியை இந்தப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள். நாளை இவர்கள் விரட்டினாலும் முகவரி தன் கையில் இருக்கும், அதை வேறு வீட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம். இப்படிச் செய்யலாம் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

அங்கேயே ஒரு கடையில் போன் நம்பரையும் புது முகவரியையும் துண்டுச் சீட்டுகளாக அச்செடுத்தார்கள். அந்த வழியில் போகும் பஸ்கள் நிற்கிற ஊர்களில் எல்லாம் இறங்கி, பழைய நோட்டீஸ் இருந்தால் அதன்மேல், இல்லாவிட்டால் புதிதாக ஒன்றை ஒட்டி அதன்மேல், சீட்டை ஒட்டினார்கள். மூன்று நாள். கணவர் பசை தடவுவார், அவள் ஒட்டுவாள். போன் அடிக்கத்தான் செய்தது. ஒருவன் சிரித்தான், ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். எல்லா அழைப்பையும் எடுத்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று இரண்டாம் நாள் ஆரம்பித்தாள்.

"கோணலா ஒட்டுற பாரு. ஓரத்தை நல்லா அழுத்து" என்றார் அவர்.

நான்காம் நாள் மதியம் ஒரு நர்ஸ் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரி எதிர்ல பஸ் ஸ்டாப்புல சீட்டு பார்த்தேன். எங்க வார்டுல ஒருத்தர் பேரே சொல்ல மாட்டேங்கறாரு. ஒசரமா, ஒல்லியா இருக்காரு. கால்ல புண்ணு சீழ் வெச்சு, யாரோ கொண்டு வந்து போட்டாங்க. வந்து பாருங்களேன்."

கடைசிக் கட்டிலில் கிடந்தான். தாடிக்குள் முகம் கைப்பிடி அளவுதான் இருந்தது. இடது கால் முழங்கால்வரை கட்டு. அவளைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை.

"பக்கம் இல்லைன்னு வந்துச்சு" என்றான்.

"தெரியும்டா."

"எழுதறத நிறுத்திட்டியா?"

அவர்கள் அழித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைதானே. நாக்கு நுனிவரை வந்தது.

"முதல்ல அவங்க மூடினாங்க. அப்புறம் நான்தான் திறக்கல. யாரும் மூட முடியாத மாதிரி நானே கட்டணும்னு உக்காந்துட்டேன்."

"திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"பன்னெண்டு நிமிஷம்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நர்ஸ் ஊசி போட வந்தார், போனார். கணவர் டாக்டரைப் பார்க்கப் போனார். கால் பிழைக்கும், ஆனால் நாளாகும் என்று கேட்டுக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றார். அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகெலும்பு கணுக் கணுவாகச் சட்டையில் தெரிந்தது. வீட்டுக்கு வா என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

என்ன பேசுவது என்று தெரியாமல், நினைவில் இருந்த ஒரு கடிதத்தைச் சொல்லத் தொடங்கினாள். "பென்சிலுக்கு. இன்னிக்கு நல்ல வெயில். மாடியில துணி காயப் போட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுது, உங்க அத்தான் சரி பண்றேன்னு..."

"வெயில் இல்ல" என்றான் சுவரைப் பார்த்தபடியே.

அவள் நிறுத்தினாள்.

"மழை. துணி காயலன்னு எழுதியிருந்த. குழாயை அத்தான் திருகித் திருகி உடைச்சிட்டாரு, வீடு பூரா தண்ணின்னு."

வாசலில் நின்ற கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுக்கு அடுத்த நாள் என்ன எழுதினேன்?" என்று கேட்டாள்.

அடுத்த கட்டில்காரர் இருமினார். சாப்பாட்டுத் தட்டுகளோடு ஒரு வண்டி உருண்டு போயிற்று.

"பிளம்பர் வரலன்னு" என்றான் அவன்.

அவள் கைப்பையில் பேனாவைத் தேடினாள். மிச்சமிருந்த துண்டுச் சீட்டுகளைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தாள். அன்று சாயங்காலம்வரை பதினொன்று சொன்னான். ஒரு முறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.