இடது குழலின் புரி

பர்மிங்காமில் எங்கள் பட்டறையின் சுடும் கொட்டகையில் என் அண்ணன் ஈனோக் மறுபடியும் இடது குழலைச் சுட்டான். வலது குழலின் குண்டுகள் காகிதத்தில் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. இடது குழலின் குண்டுகளோ அரிசியை வாரி இறைத்தது போலச் சிதறின.

"தோள் பயந்துபோச்சு ஈனோக். சுடுறதுக்கு முன்னாடியே உடம்பு துள்ளுது. சனிக்கிழமையோட நின்னுக்க," என்றார் முதலாளி பிரதர்ட்டன்.

யானை வேட்டைத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து இரண்டு குழலின் குண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருவதுதான் ஈனோக்கின் வேலை. தோள் பயந்தவன் என்று பெயர் எடுத்தால் இந்த ஊரில் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்காது.

"என் தோளுக்கு ஒண்ணுமில்ல ஐயா. குழலுக்குள்ள வெட்டின புரிய அளந்து பாருங்க. ஹெஸ்டர் இழுக்கட்டும்."

குழல் துடைக்கும் ஹெஸ்டர் நான்தான். எண்ணெய்த் துணியை இறுகச் சுற்றிய கம்பியைக் குழலுக்குள் இழுத்தால், குண்டைச் சுழற்றுவதற்காக உள்ளே திருகாக வெட்டிய புரியோடு கம்பியும் சுழலும். அதன் மேல்பக்கம் போட்ட சுண்ணாம்புக் கோடு இருபத்தோரு அங்குலத்தில் ஒரு சுற்று முடித்து மறுபடி மேலே வர வேண்டும்.

நான் துணி சுற்றும்போது என் கணவன் சைலஸ் உதவுவதுபோல் அருகில் வந்தான். புரி வெட்டுபவன் அவன். முகத்தில் ஈயாடவில்லை.

"வேற துப்பாக்கிக்காக, புரியோட சுத்தை முடிவு பண்ற பட்டையச் சாய்ச்சு வச்சிருந்தேன். திருப்பி வைக்காம இந்தக் குழல வெட்டிட்டேன்டி," என்று முணுமுணுத்தான். "இழுக்கும்போது கம்பியோட கைப்பிடிய லேசாத் திருகிடு. யாருக்கும் தெரியாது."

"காலையிலேருந்து வாயில என்ன கொழுக்கட்டையா? உன் மச்சான் திட்டு வாங்குறான், பாத்துக்கிட்டு நிக்கிற."

"வேல போயிடும் ஹெஸ்டர்."

யாருடைய வேலை போனாலும் என் வீட்டில்தான் இழவு. அதோடு, இடது குழல் இரண்டாவது குண்டுக்கானது. முதல் குண்டு வாங்கியும் விழாத யானைக்கு முன்னால் நிற்பவன் அதைத்தான் நம்புவான்.

முதலில் வலது குழலில் இழுத்தேன். கோடு சரியாக மேலே வந்தது. பிறகு இடது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். சைலஸ் என் மணிக்கட்டையே பார்த்தான். ஒரு திருகல் போதும். எங்கள் இருவர் கைகளுக்குத்தான் அது தெரியும்.

திருகவில்லை. இருபத்தோரு அங்குலம் வந்தபோது கோடு இன்னும் பக்கவாட்டில் நின்றது. கம்பி முழுதும் வெளியே வந்தும் அது மேலே ஏறவில்லை.

"எவன்டா வெட்டினது?" பிரதர்ட்டனின் கழுத்து நரம்பு புடைத்தது.

சைலஸ் என்னைப் பார்த்தான். ஒப்புக்கொள்வதையாவது அவனே செய்யட்டும் என்று எனக்குக் கோபம்.

"நான்தான் ஐயா."

"தெரிஞ்சே நின்னியா? இப்பவே கிளம்பு."

சைலஸ் பட்டறை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஈனோக் என் தோளைத் தொட்டு, "என்னைக் காப்பாத்திட்ட தங்கச்சி," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பேசாத அண்ணே. இப்ப ஒண்ணும் பேசாத."

கம்பியை அவன் கையில் கொடுத்தேன். என் மேலங்கியையும் அவிழ்த்து சைலஸுடையதன் மேலேயே மாட்டினேன்.

"நீ எங்கம்மா போற? உன்னை யாரும் போகச் சொல்லலியே," என்றார் பிரதர்ட்டன்.

"அவருக்கு வீட்டுல இன்னும் பாக்கி திட்டு இருக்கு ஐயா," என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றிருந்த சைலஸின் பின்னால் நடந்தேன்.