சனூன் விட்ட பிழை

மன்னார்ப் பக்கம் தாழ்வுபாட்டில் கிறகரியைப் படகு எஞ்சின் திருத்துகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும். ‘உப்பளத்து நிலவே’ பாட்டுக்கு மெட்டுப் போட்டவன் என்பதும் கொஞ்சப் பேருக்குத் தெரியும். ஆனால் கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ அந்தப் பாட்டு ஒலிக்கும்போது, “சனூன்ர பாட்டு போகுது” என்றுதான் சொல்வார்கள். பாடினவன் சனூன்.

கிறகரிக்கு யாரும் சங்கீதம் படிப்பிக்கவில்லை. டென்மார்க்கில் இருந்து வந்த மச்சான் ஒருவன் விட்டுப்போன பழைய கீபோர்ட்டில் தானே தட்டித் தட்டிப் பழகினான். ரேடியோவில் கேட்ட பாட்டை விரலால் தேடிப் பிடிப்பான். பிறகு ரேடியோவில் இல்லாத மெட்டுகளும் வரத் தொடங்கின. சண்டை முடிந்து சில வருடங்களில் செய்ததுதான் ‘உப்பளத்து நிலவே’.

சனூன் கொண்டச்சி ஆள். புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பி, மீன் வியாபாரம் செய்துகொண்டிருந்தான். மீன் வாங்கக் கரைக்கு வரும்போது ஏதாவது பாடிக்கொண்டே வருவான். அந்தக் குரலைக் கேட்டுத்தான் கிறகரி அவனை மறித்து, தன் மெட்டைப் பாடிக் காட்டச் சொன்னான். இரண்டு பேரும் மன்னார் டவுனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தார்கள்.

‘உப்பளத்து நிலவே, உருகாமல் நில்லு’ என்பது பல்லவி. ‘நில்லு’வில் மெட்டு மெல்லக் கீழே இறங்க வேண்டும். கிறகரி போட்டது அப்படித்தான். பதிவின்போது சனூன் தவறி மேலே ஏறிவிட்டான். ஏறின இடத்தில் இறங்கத் தெரியாமல் ஒரு மூச்சு தொங்கி நின்று, பிறகு வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். திரும்பப் பாடுவோம் என்று கிறகரி வாயைத் திறக்கும் முன்னமே, ஒலிப்பதிவு செய்த பெடியன் சொன்னான்: “அண்ணை, இதை மாத்தாதேங்கோ. மயிர் கூச்செறியுது.”

கிறகரிக்கும் கூச்செறிந்தது. விட்டுவிட்டான்.

பாட்டு லண்டன், கனடா வரை போனது. போன இடமெல்லாம் ஆட்கள் முணுமுணுத்தது அந்த ஒரு இடத்தைத்தான். வலை தட்டுகிற கிழவன் முதல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வரை ‘நில்லு’வில் மேலே ஏறித் தொங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் கிறகரிக்கு நெஞ்சுக்குள் முள் குத்தியது. பாட்டு முழுக்க அவனுடையது. ஆட்கள் விரும்பின இடம் மட்டும் அவனுடையது இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மெட்டுகள் போட்டான். ஒன்றையும் சனூனிடம் கொடுக்கவில்லை. வேறு ஆட்களைப் பாட வைத்தான். எதுவும் எடுபடவில்லை. கொழும்பில் ஒரு வானொலிக்காரர் நாலைந்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த உப்பளத்துப் பாட்டில ஒரு வளைவு வரும். அப்பிடி ஒண்டு இதுகளில இல்லையே” என்றார். அன்று குடித்துக்கொண்டே ஊர் வந்தவன், பிறகு நிறுத்தவில்லை. கழற்றின எஞ்சின்கள் கழற்றினபடி கிடந்தன. கடற்காரர் வேறு இடம் பார்த்தார்கள். மனைவி அருளம்மா தையல் மெஷினை வைத்து வீட்டை இழுத்தாள்.

ஒருநாள் அவள் மீன் வெட்டிக்கொண்டு தன்பாட்டுக்கு முணுமுணுத்தாள். அதே இடம்.

“ஏன் அதை மட்டும் பாடுறாய்?” கிறகரி கத்தினான்.

“உங்கட பாட்டைத்தானே பாடுறன்!”

அவள் கத்தியோடு திகைத்துப்போய் நின்றாள். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

போன வருடம் டவுனில் ஒரு கலைவிழா வைத்தார்கள். ஏற்பாட்டாளர் ஜுனைட் என்பவர் கிறகரிக்கு போன் எடுத்தார். “சனூன் நானாவுக்கு அடிச்சா எடுக்கிறார் இல்லை. நீங்கள் ஒருக்காச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்.”

கிறகரி யோசிக்கவே இல்லை. “அவனுக்குத் தொண்டை சரியில்லை. நானே பாடுறன்.”

சனூனுக்கு அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கிழமை குடிக்காமல் இருந்தான். தன் மெட்டைத் தான் போட்டபடியே பாடி ஊருக்குக் காட்டுவது என்று முடிவெடுத்திருந்தான்.

மண்டபம் நிறைய ஆட்கள். கீபோர்ட்டில் அவன் முதல் கட்டையைத் தொட்டதுமே விசில் பறந்தது. ‘உருகாமல்’ வரை எல்லாம் நன்றாகப் போனது. ‘நில்லு’வில் அவன் கீழே இறங்கினான். மண்டபம் முழுக்க மேலே ஏறியது. இரண்டும் முட்டிக்கொண்டு அசிங்கமாக ஒலித்தன. முன்வரிசையில் யாரோ, அவன் தடுமாறிவிட்டான் என்று நினைத்து, கையால் மேலே காட்டி உற்சாகப்படுத்தினார். அடுத்த தடவை அவன் இன்னும் பலமாக இறங்கினான். கூட்டம் அவனை அமுக்கிவிட்டது. மூன்றாம் தடவை அவன் வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் அசைத்தான். மண்டபம் பாடி முடித்து, எழும்பி நின்று கைதட்டியது.

அடுத்தநாள் காலையில் சனூனின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“தங்கச்சி, அவன் எங்க?” என்று அருளம்மாவிடம் கேட்டான். கிறகரி வெளியே வந்ததும் சனூன் பாய்ந்தான்: “என்ர தொண்டைக்கு என்னடா நடந்தது? ஊரெல்லாம் போன் எடுத்துச் சுகம் விசாரிக்குது!”

“பொய் சொன்னனான்.”

“ஏன்?”

கிறகரி சொன்னான். ஸ்டூடியோவில் நடந்ததை, அந்தப் பிழையை, இத்தனை வருட எரிச்சலை, ஒன்றும் விடாமல் சொன்னான். அருளம்மாவும் அப்போதுதான் கேட்டாள். சொல்லி முடித்ததும் சனூன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான்.

“நான் பிழையாவா பாடினன்?” என்றான். “எனக்கு ஞாபகமே இல்லை மச்சான். நீ சொல்லித் தந்தது எண்டுதான் நினைச்சன்.”

கிறகரிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தன்னை அரித்துத் தின்றது, அந்த ஆளுக்கு நினைவிலேயே இல்லை.

“உனக்கு மட்டும்தான் எரிச்சலோ?” சனூன் கேட்டான். “போற இடமெல்லாம் இந்த ஒரு பாட்டைத்தான் கேக்கிறாங்கள். வேற பாடினா எழும்பிப் போறாங்கள். நீ புதுசு புதுசாச் செய்து யார் யாருக்கோ குடுத்தாய். அவங்கள் பாடுறதைக் கேட்டு நான் நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறன். என்னட்ட ஒண்டு தந்தியா?”

அருளம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “இப்பவாவது குடுங்கோ” என்று புருசனிடம் சொன்னாள்.

கிறகரி கீபோர்ட்டை எடுத்துவந்து ஒரு புது மெட்டை வாசித்தான். சனூன் இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பாடினான். கிறகரி ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தான். சனூன் எங்கும் தவறவில்லை. கோடு போட்டதுபோல் பாடி முடித்தான்.

“ஒரு பிழையும் விடேல்லைத்தானே?” என்று பெருமையோடு கேட்டான்.

“இல்லை” என்றான் கிறகரி.

அந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான். ஆனால் கிறகரி பட்டறையைத் திரும்பத் திறந்தான். சனூன் சில வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வருவான். இருவரும் ஏதாவது போட்டுப் பார்ப்பார்கள்.

குடி முழுதாக விட்டுப்போகவில்லை. எரிச்சலும் அப்படித்தான். போன மாதம் எஞ்சின் கொண்டுவந்த பேசாலைக்காரன் ஒருவனின் போனில் ‘உப்பளத்து நிலவே’ அடித்தது. “சனூன்ர பாட்டு, அண்ணை. கேட்டிருக்கிறியளா?” என்றான் அவன்.

“மெட்டு என்ர” என்றான் கிறகரி. கொஞ்சம் பொறுத்து, “அந்த மேல ஏறுற இடம் அவன்ர” என்றான். அவன் அதை வெளியாள் ஒருவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அப்பிடியே?” என்றான் பேசாலைக்காரன். “எஞ்சின் பின்னேரத்துக்குள்ள கிடைக்குமோ?”

“கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு, கிறகரி பிளக்கைக் கழற்றக் குனிந்தான்.