இழுத்தால் தூக்கணும்

“மாமி, நீங்க மூச்சை எம்புட்டு நேரம் பிடிப்பீங்க?”

“உங்க அம்மை பேச ஆரம்பிச்சா அரை மணி நேரம் பிடிச்சுக்கிட்டுத்தானளா உக்காந்திருக்கேன்.”

“விளையாடாதீங்க மாமி. நெசமாக் கேக்கேன்.”

“இருபது எண்ணுவேன். இந்த வயசுல அதுவே பெருசு.”

“நான் நாப்பது எண்ணினேன். நேத்து அறுபது.”

அரிவாள்மணையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கே போய் மூச்சுப் பிடித்தாய் என்று நான் கேட்கவில்லை. அவள் தலைமுடி ஈரமாக இருந்ததையும் பார்த்தேன், அதையும் கேட்கவில்லை.

ஞானதீபத்துக்கு ஆறு வயது. திரேஸ்புரத்தில் எனக்குப் பக்கத்து வீடு. அவள் அப்பா ஜாக்சன் கடலில் முங்கிச் சங்கு குளித்தவன். அன்றைக்கு அவன் இறந்த முப்பதாம் நாள் பூசை. தெருவே மாதா கோயிலுக்குப் போயிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் இருந்தேன், ஏனென்றால் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. அம்மா ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தோம்.

கடலில் காற்று கொடுக்கிற கம்ப்ரஸர் நின்றுபோய் ஜாக்சன் இறந்தபோது தீபத்துக்கு உடம்பெல்லாம் அம்மைக் கொப்புளம். மாப்பிள்ளையூரணியில் என் தங்கை வீட்டில் கிடந்தாள். அவள் திரும்பி வந்த அன்று, ஏழு மாத வயிற்றோடு அவள் அம்மா விஜிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவ கேள்வி கேட்டா என்னால தாங்க முடியாது மாமி. இந்தப் பிள்ள பொறக்கட்டும். பெறவு சொல்லுவோம்.”

கதை நான் கட்டியதுதான். ‘அப்பா கடலுக்கு அடியில வலம்புரிச் சங்கு தேடுதாரு. கிடைச்சதும் கயித்த இழுப்பாரு. மாமா தூக்கிருவாரு.’ தெருவில் ஆளாளுக்கு அதை வளர்த்தார்கள். கடைக்கார அண்ணாச்சி, கீழே ஒரு பரோட்டாக் கடை இருப்பதாகவும் அப்பாவுக்கு அங்கேதான் சாப்பாடு என்றும் சேர்த்துவிட்டார்.

“மாமி, சங்கு குளிக்கிறவுகளுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கணுமா?”

“ஆமா. தங்கச்சி தாலி போயிரக்கூடாதுன்னு அவன் கண்ணு கயித்த விட்டு அகலாதுல்லா. அதான் ரோச் மாமா உங்க அப்பாவுக்குப் பிடிச்சாரு… பிடிக்காரு.”

“எனக்கு யாரு பிடிப்பா?”

“இந்த வயசுல உனக்கு மச்சான் கேக்குதோ?”

“நீங்க பிடிக்கீங்களா?”

“தா, பிடிக்கேன்.”

ஒரு கயிற்றின் நுனியை என் கால் கட்டைவிரலில் சுருக்குப் போட்டு மாட்டினாள்.

“விடக்கூடாது. நான் இழுத்தாத் தூக்கணும்.”

“தூக்குதேன் மகாராணி.”

“சத்தியமா?”

“மாதா சத்தியமா.”

பின்வாசல் வழியாக ஓடினாள். கயிறு மெல்ல நெளிந்து அவள் பின்னால் போனது. அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அப்போதுதான் போன் அடித்தது. ரோச். விஜிலாவின் அண்ணன்.

“மாமி, தீபம் பக்கத்துல இருக்காளா?”

“பின்னால விளையாடுதா. பூசை ஆரம்பிச்சாச்சா?”

“சாமியார் இப்பந்தான் வாராரு. மாமி, எனக்கு மனசே சரியில்ல. நேத்து எங்கிட்ட வந்து, அப்பா ஏன் இன்னும் இழுக்கலன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? இழுக்க மறந்திருப்பாருன்னேன்.”

“பெறவு?”

“அப்பம் நான் போயி ஞாபகப்படுத்துதேன்னா. சிறுபிள்ளப் பேச்சுன்னு விட்டுட்டேன். இப்பம் கோயிலுக்குக் கிளம்பும்போது பாக்கேன், மச்சான் இடுப்புல கட்டின கயிறு ஆணியில இல்ல மாமி. பச்சைக் கயிறு.”

என் காலைப் பார்த்தேன்.

பச்சைக் கயிறு. பின்வாசல் தாண்டி, வெயிலுக்குள் போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

“மாமி? மாமி, பேசுங்க!”

போனை எங்கே போட்டேன் என்று தெரியாது. எழுந்த வேகத்தில் அரிவாள்மணை கவிழ்ந்தது. கயிற்றைக் கையில் எடுத்தேன். இழுக்க முடியவில்லை. பலம் இல்லாமல் இல்லை. இழுத்து, மறுமுனை வெறுமனே வந்துவிட்டால்?

கயிற்றைப் பிடித்தபடியே ஓடினேன். சங்கு ஓட்டுக் குவியலைச் சுற்றி, கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தின் அடியில் புகுந்து, அது போய்க்கொண்டே இருந்தது. பகல் பதினொரு மணி. கரையில் ஒரு ஆள் இல்லை, எல்லாரும் கோயிலில்.

மிதந்துகொண்டிருந்த இரண்டு வள்ளங்களுக்கு நடுவில் கயிறு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கரையில் அவள் செருப்பு. கோயில் வாசலில் கழற்றுவதுபோல ஜோடியாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அறுபது எண்ணுவேன் என்றாளே. எப்போது முங்கினாள்? நான் எந்த எண்ணிலிருந்து எண்ண வேண்டும்?

சேலையோடு இடுப்பளவுக்கு இறங்கி இழுத்தேன். வரவில்லை. எங்கோ மாட்டியிருந்தது. “மாதாவே, மாதாவே” என்று இன்னொரு தரம் இழுத்தேன். நங்கூரக் கயிற்றிலிருந்து அது விடுபட்டதும், கனமாக ஏதோ என்னை நோக்கி வந்தது. முதலில் முடி தெரிந்தது. பிறகு மஞ்சள் கவுன்.

தூக்கித் தோளில் போட்டு முதுகில் அறைந்தேன். தண்ணீரைக் கக்கினாள். இருமினாள். மூச்சு வந்ததும் என் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

“ஏன் தூக்கினீங்க? நான் இழுக்கவே இல்ல!”

மணலில் உட்கார்ந்து அவளை இறுக்கிக்கொண்டேன்.

“அப்பான்னு கூப்பிட்டேன் மாமி. வாயில தண்ணி போயிட்டு. விடுங்க, இன்னொரு தடவ போறேன். இப்பம் எழுபது எண்ணுவேன்.”

அப்போதுதான் எனக்கு முழுப் பயமும் வந்தது. இன்றைக்குக் கயிற்றை என்னிடம் தந்தாள். நாளைக்கு யாரிடமும் தரமாட்டாள். கடல் வேண்டாம், வீட்டுத் தண்ணீர் டிரம் போதும். நான் கட்டிய கதை இருக்கிறவரைக்கும் இவள் இறங்கிக்கொண்டேதான் இருப்பாள். விஜிலாவுக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே விட்டேன்.

“தீபம், அப்பா கீழ இல்ல.”

“வலம்புரி கிடைச்சிட்டா?”

“இல்ல. நான் சொன்னது பொய்.”

“பரோட்டாக் கடை?”

“அதுவும் பொய்தான்.”

கடலைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பம் மாமா தூக்கிட்டாரா?”

“அன்னைக்கே தூக்கிட்டாரு. அதுக்குள்ள அப்பாவுக்கு மூச்சு நின்னுட்டு. அப்பா செத்துப்போயிட்டாருளா. கல்லறைத் தோட்டத்துல வச்சிருக்கு.”

“எத்தன எண்ணுறதுக்குள்ள?”

“எனக்குத் தெரியலம்மா.”

கோயில் பக்கமிருந்து ரோச் ஓடிவந்தான். வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. பிள்ளையைப் பார்த்தான், அவள் இடுப்பில் இருந்த கயிற்றைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

தீபம் எழுந்து அவனிடம் போனாள். கயிறும் கூடவே போனது.

“மாமா, அப்பா இழுத்தாரா, இல்லையா?”

ரோச் என்னைப் பார்த்தான்.

“சொல்லுலே. உள்ளதச் சொல்லு.”

“இழுத்தாரு தீபம். ஒரே ஒரு தடவ. நான் உடனே தூக்கினேன்.”

“கைய விட்டீங்களா?”

“விடல.” இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் தோல் உரிந்து, இப்போதுதான் புதிதாக மூடிக்கொண்டு வந்தது. முப்பது நாளாக அந்தக் கையை யாரிடமும் அவன் காட்டியதில்லை.

அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“வலிக்குதா?”

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

“அம்மை எங்க?”

“கோயில்ல. அப்பாவுக்குப் பூசை.”

“அம்மைக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அண்ணாச்சிக்கு?”

“தெரியும்ளா,” என்றேன்.

“எனக்கு மட்டுந்தான் தெரியாதா?”

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். வீட்டுக்கு வந்து தலை துவட்டி, வேறு கவுன் மாட்டும் வரைக்கும் அழுதாள். கோயிலுக்குப் போகணும் என்றாள். இடுப்பில் திரும்பவும் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். வேண்டாம் என்று முடிச்சில் கை வைத்தேன்.

“அவுக்காதீங்க. நீங்க பிடிச்சுக்கிட்டே வாங்க.”

ரோச் முன்னால் நடந்தான். நடுவில் அவள், பின்னால் நான். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். தெருமுனையில் அது சட்டென்று ஒரு தரம் இழுபட்டது. அப்படியே நின்றுவிட்டேன்.

தீபம் திரும்பிப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல மாமி. சும்மா பாத்தேன்.”