கடைசிப் பாய்

தான் தட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் என்ன, சுவரே குறட்டை விடும் என்று காப்பகத்து ஆயா சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒருமுறை அவள் தட்டிய தட்டில் எதிர்க்கட்டடத்து லிஃப்ட் நடுவழியில் கண்ணயர்ந்துவிட்டதாம். கூடத்துக் கடிகாரம் விட்ட கொட்டாவியில் அதன் முள் கழன்று விழுந்ததாம். முள் இல்லாத கடிகாரம் அப்படியே சுவரில் தொங்கியது, சாட்சிக்கு.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர் சமையற்காரர். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்று ஆயா சொன்னால்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் நம்புவார்.

"அக்கா, நீங்க அளக்கிறதை அரிசியா அளந்தா இந்த ஊருக்குப் பஞ்சமே வராது" என்பார்.

காப்பகம் என்று பெயரே தவிர, அது ஒரு பழைய சரக்குக் கிடங்கு. வீடில்லாத தாய்மார்கள் பிள்ளைகளோடு இரவில் அங்கே முடங்குவார்கள். பகலில் அவர்கள் வேலைக்குப் போக, பிள்ளைகள் ஆயாவிடம். அடுப்படிச் சுவரில் முன்பு சமையற்காரரின் விரல் நுழைந்த விரிசலில் இப்போது அவருடைய கரண்டியே நுழைந்தது. மழைக்காலம் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

ஆயாவுக்கென்று ஒரு தொழில்முறை இருந்தது. பிள்ளைகளை ஒருக்களித்து வரிசையாகப் படுக்க வைப்பாள். முதல் பிள்ளையின் முதுகில் அவள் தட்டுவாள். அது தனக்கு முன்னால் கிடப்பதன் முதுகில் தட்டும், அது அடுத்ததை. தட்டு கைமாறிக் கைமாறித் தளர்ந்து, கோடியிலுள்ள கடைசிப் பாயை அடையும்போது கூடமே அடங்கிவிடும்.

அடங்காதது ஒன்றே ஒன்று, ஆந்தை. நான்கு வயதுப் பெண். சமையற்காரர் வைத்த பெயர்தான். அவள் கண்மூடிய இடத்தில் கண்விழித்ததே இல்லை. பாலத்தடியில் தூங்கினால் விழிப்பது லாரியில். ஒருமுறை தாயின் மடியில் தூங்கி, யாரோ நடத்திய அநாதை விடுதியில் விழித்தாள். சலவைக்கூடத்தில் துணி தேய்க்கும் அவளுடைய தாய், வேலைக்கும் போய்க்கொண்டு ஊரெல்லாம் அலைந்து அவளைக் கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை பேச்சையே மறந்திருந்தது. அதற்குப் பிறகு பகலில் தூக்கம் கிடையாது. கடைசிப் பாயில் கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, எழுந்து போய்த் தூங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் கால்விரலையும் இழுத்துப் பார்ப்பாள், எல்லாரும் இருக்கிறார்களா என்று. அதோடு கூடம் முழுக்க அழுகை எழும்பும்.

"அவ மட்டும் மதியத்துல தூங்கட்டும், என் பாதி மீசையை எடுத்துடறேன்" என்று சமையற்காரர் சவால் விட்டிருந்தார். மீசை போய்விடும் என்ற பயமே அவருக்கு இருந்ததில்லை, அன்றுவரை.

அன்று சாப்பாடு முடிந்த கையோடு ஓர் அதிகாரி வேனோடு வந்து இறங்கினார். கட்டடம் இடியும் நிலையில் இருக்கிறது, இன்றே பூட்ட வேண்டும், பிள்ளைகளை ஊரின் மறுகோடியிலுள்ள விடுதிக்கு ஏற்றிப்போக உத்தரவு என்றார். தாய்மார்களுக்கு அங்கே இடமில்லை. அவர்கள் பிறகு மனு எழுதிக் கொடுத்து, பார்க்க வரலாமாம். ஆயா தாய்மார்களுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். வேலை நேரத்தில் அவர்களுடைய போன்கள் மேஸ்திரியின் பெட்டிக்குள் கிடக்கும். ஒருத்தியும் எடுக்கவில்லை.

தாய் நேரில் வந்துவிட்டால் அவளிடமே கொடுக்கலாமா என்று ஆயா கேட்டாள். கொடுக்கலாம் என்றார் அதிகாரி, ஆனால் சாயங்காலம் வரை காத்திருக்க முடியாது. தூங்குகிற பிள்ளையை ஏற்றலாமா என்று அடுத்து கேட்டாள். அது கூடாது, ஆள் மாறிவிடும். பிள்ளை விழித்திருந்து தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றார்.

"அப்ப உக்காருங்க சார். இது தூங்குற நேரம். எழுந்ததும் ஏத்திக்கலாம்."

உட்கார நாற்காலி இல்லை. கடைசிப் பாயில், ஆந்தைக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. மனிதரும் கண் சிவந்து, கன்னம் ஒட்டிப்போய் இருந்தார். வீட்டில் கைக்குழந்தை, விடிய விடிய அழுகை என்று கேட்காமலே சொன்னார்.

சமையற்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆந்தை எழுந்து ஒரு கால்விரலை இழுத்தால் போதும், கதை முடிந்தது. ஆயா குனிந்து அவள் காதில் சொன்னது அடுப்படி வரை கேட்டது.

"கண்ணு, நீ தூங்கவேணாம். இந்த மாமாவைத் தூங்கவை. இவர் தூங்கிட்டா யாரும் எங்கயும் போகமாட்டாங்க."

தட்டு புறப்பட்டது. முதுகிலிருந்து முதுகுக்குப் போய்க் கோடிக்கு வந்தது. ஆந்தை கையை நீட்டி, கர்மசிரத்தையாக அதிகாரியின் முழங்காலில் தட்டத் தொடங்கினாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சுவரில் சாய்ந்தார். சமையற்காரர் இரைந்துகொண்டிருந்த ஸ்டவ்வை அணைத்துவிட்டு, பாத்திரம் உருளாமல் காலால் முட்டுக்கொடுத்து நின்றார். இல்லாத சாமிகளையெல்லாம் அந்த நேரத்தில் உண்டாக்கிக் கும்பிட்டார்.

அதிகாரியின் வாய் திறந்தது. குறட்டை வந்தது. ஆந்தை மெல்ல அவருடைய கால் பெருவிரலை இழுத்துப் பார்த்தாள். அவர் அசையவில்லை. தூக்கிக்கொண்டு போகிறவரே தூங்கிவிட்டார். இனி யாரைப் பார்த்து விழித்திருப்பது? அவருடைய காலுறையைக் கெட்டியாகப் பிடித்தபடி அவளும் தலையைச் சாய்த்தாள்.

சமையற்காரர் ஓசையில்லாமல் அழுதார். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள அடுப்படியில் ஒரு வெங்காயமும் இல்லை.

அதிகாரி விழித்தபோது சன்னல் இருண்டிருந்தது, வாசலில் தாய்மார்கள் நின்றார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல், கூட்டிப்போங்கள் என்றார். தூங்குகிற பிள்ளைகளை ஒவ்வொருத்தியும் தோளில் போட்டுக்கொண்டாள். ஆந்தையின் தாய் குனிந்தபோது மட்டும் ஆயா தடுத்தாள்.

"இவளைத் தூக்காதே. தானா முழிக்கட்டும். இங்கயே முழிக்கட்டும்."

அதிகாரி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் ஆந்தை கண் திறந்தாள். அதே தகரக்கூரை, அதே முள்ளில்லாத கடிகாரம், பக்கத்தில் அம்மா. அம்மாவின் கால்விரலை இழுத்துப் பார்த்தாள்.

பிறகு பூட்டினார்கள்.

வெளியே தூறல். மூட்டைகளோடு எல்லாரும் கடைகளின் கூரை இறக்கத்தில் ஒண்டினார்கள். அந்த இரவுக்கு யாருக்கும் போக்கிடம் இல்லை. ஆயாவுக்கும் சமையற்காரருக்கும் நாளையிலிருந்து வேலையும் இல்லை. ஆனாலும் ஆயா தொடங்கிவிட்டாள். ஆந்தை தட்டியதில் அதிகாரி தூங்கி விழுந்தார், வேன் ஓட்டுநர் விழுந்தார், கம்பியிலிருந்த காக்கை தலைகீழாகத் தொங்கியது.

ஆந்தையின் தாய் நம்பவில்லை. எல்லாரையும் போல அவளும் சமையற்காரர் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க. இவளா அந்த ஆளைத் தூங்கவெச்சா?"

அவர் மீசையின் ஒரு பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"காக்கையை நான் பாக்கலைம்மா" என்றார். "மத்தது நடந்துச்சு."